பதின்மூன்று வயதில் ஸ்கேன் வேண்டாம், வலிக்கு மருந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) குறித்து வெளியான கட்டுரை, மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்கள் தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அந்த அறிவுரை பொருந்தும். ஆனால் வயது எதுவும் குறிப்பிடப்படாததால், பூப்பெய்தி ஓராண்டுகூட நிறையாத சிறுமிகளின் தாய்மார்களும் அதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இந்த விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது தலைகீழாகவே தெரிகிறது. பெரும்பாலும் தானே சீராகிவிடும் ஒழுங்கின்மைக்கு ஓடியோடி வைத்தியம் பார்க்கிறோம். வைத்தியத்தால் தணியக்கூடிய வலியை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

மாதவிலக்கு கருப்பை மட்டும் நடத்தும் காரியமன்று. மூளையிலுள்ள ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் உரிய நேரத்தில் உரிய அளவில் தூண்டினால்தான் சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படும். முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்தான் சுழற்சிக்கு ஒரு காலக் கணக்கைத் தருகிறது. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் இந்த ஏற்பாடு முதிர்ந்திருப்பதில்லை. பல சுழற்சிகளில் முட்டை வெளிப்படாமலே இரத்தப்போக்கு ஏற்படுகிறது. ஆகவே ஒரு முறை 25 நாளிலும் அடுத்த முறை 50 நாள் கழித்தும் வருவது முதல் ஆண்டில் வியப்புக்குரியதன்று. ஓராண்டு கடந்து மூன்றாண்டு வரை 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளியும், அதற்குப் பிறகு 21 முதல் 35 நாள் வரையிலான இடைவெளியும் இயல்பு என்பதே மருத்துவக் கணக்கு.

இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் சிறு சிறு குமிழ்கள் நிறையத் தெரியும். அவை வளர்ச்சிக் கட்டத்திலுள்ள முட்டைப் பைகள். நல்ல உடல்நிலையிலுள்ள பல சிறுமிகளுக்கும் இருப்பவைதான். அதனால்தான், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும் வரை நீர்க்கட்டி நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018-இலும் 2023-இலும் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவாகவே கூறுகின்றன. அந்த வயதில் நோய் என்று முடிவு செய்ய, மாதவிலக்கு ஒழுங்கின்மையுடன் முகத்தில் முடி வளர்தல், கடுமையான முகப்பரு, இரத்தத்தில் ஆண்மை ஹார்மோன் மிகுதல் போன்ற அறிகுறியும் சேர்ந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் நடப்பதோ வேறு. பள்ளிச் சீருடையோடு ஸ்கேன் மையத்தின் நாற்காலியில் அமர்ந்து, சிறுநீர்ப்பை நிறைய வேண்டுமென்று தண்ணீர் பாட்டிலை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருக்கும் எட்டாம் வகுப்புச் சிறுமியையும், அறிக்கை கைக்கு வருமுன்னரே "நாளைக்குக் குழந்தை பிறக்குமா சிஸ்டர்?" என்று கேட்கும் தாயையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அறிக்கையைவிட அந்தக் கேள்விதான் பிள்ளையின் மனத்தில் ஆழமாக இறங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குலதெய்வக் கோயில் படையலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் நாள் நெருங்கினால், மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் "தள்ளிப்போடும் மாத்திரை" வாங்கி மகளுக்குக் கொடுக்கும் குடும்பங்கள் பல. அது ஹார்மோன் மாத்திரை. இன்னும் ஒழுங்குக்கு வராத உடலில் அதையும் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் கணக்கு தவறியது என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

ஒழுங்கின்மையைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்பது என் வாதமன்று. ஒரு முறை வந்தபின் 90 நாள் ஆகியும் வராவிட்டாலும், 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு கோளாறு, திடீர் எடைக்குறைவு போன்றவை காரணமாக இருக்கக்கூடும். அதேபோல இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நனைந்துபோனாலும் காத்திருக்கக் கூடாது. பிறவியிலேயே இரத்தம் உறைவதில் குறையுள்ள சில பெண்களுக்கு அக்குறை முதன்முதலாக வெளிப்படுவது மாதவிலக்கின்போதுதான். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள நம் பகுதியில், பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் அவதிப்பட்டவர் குடும்பத்தில் உண்டா என்று கேட்பது நல்ல மருத்துவரின் முதற் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

இனி வலிக்கு வருகிறேன். பூப்பெய்திய புதிதில் வலியே இல்லாதிருந்த மகளுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வலி தொடங்கினால், உடம்பு கெட்டுவிட்டதாகத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் முட்டை முறையாக வெளிப்படத் தொடங்கியதையே அது பெரும்பாலும் குறிக்கிறது. அச்சுழற்சிகளின் முடிவில் கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் மிகுதியாக உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இரத்த ஓட்டம் குறைந்து அடிவயிறு, இடுப்பு, தொடை வரை வலி பரவுகிறது. சிலருக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவதும் இப்பொருளால்தான். இரண்டு மூன்று நாளில் வலி அடங்கிவிடும் என்றாலும், மாதந்தோறும் இரண்டு நாள் பள்ளியை இழக்கும் பிள்ளைக்கு அது சிறிய இழப்பன்று.

மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. எனவே வலி உச்சத்துக்கு ஏறிய பின் ஒன்றை விழுங்குவதைவிட, வலியோ உதிரப்போக்கோ தொடங்கியதுமே உணவுக்குப் பின் எடுத்து, முதல் ஓரிரு நாள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் தொடர்வதுதான் பலன் தரும். வெந்நீர் ஒத்தடமும் நன்றாகவே உதவும். மாத்திரை சாப்பிட்டுப் பழகினால் கருப்பை கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கலாகாது. மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்ததால், காய்ச்சலோ தோலில் தடிப்போ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூன்று மாதம் முறையாக எடுத்தும் தணியாத வலி, முதல் மாதவிலக்கிலிருந்தே இருக்கும் கடும் வலி, பூப்பெய்தாமலே மாதாமாதம் வந்துபோகும் அடிவயிற்று வலி ஆகிய மூன்றும் வேறு. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), இரத்தம் வெளியேறும் வழியில் பிறவி அடைப்பு போன்றவற்றை அங்கே தேட வேண்டும்; ஸ்கேனுக்கு உரிய இடம் அதுதான்.

பள்ளிகளில் இவ்வலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்ள அனுமதியும், மேசை டிராயரில் கிடக்கும் ஒரு ஜெலுசில் மாத்திரையும்தான். ஜெலுசில் இரைப்பை அமிலத்துக்கானது. மாணவியின் பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் அளித்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அளவைக் குறித்துக் கொடுத்தால், உரிய வலி மாத்திரையை ஆசிரியை வழங்கும் ஏற்பாட்டைப் பள்ளிக்கல்வித் துறை செய்ய இயலும். வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையை வகுப்பறையிலேயே கொடுத்துப் பழகிய துறைக்கு இது புதிய வேலையன்று. மாணவிகளுக்கு இலவச நாப்கின் வழங்க 2011-இல் தமிழக அரசு அறிவித்த "புதுயுகம்" திட்டத்தையும் இத்தருணத்தில் பாராட்டியே குறிப்பிடுகிறேன். எனினும் இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு என்ற கணக்கில் ஒரு மாதவிலக்குக்கு ஒன்பது நாப்கின்கள்தாம் கிடைக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பாடம் நடத்திவிட்டு, ஐந்து நாளுக்கு ஒன்பதைக் கொடுத்தால் மாணவி எப்படி மாற்றுவாள்? நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. இரத்தசோகையைக் கூட்டும் மிகுதியான போக்குள்ள மாணவிகளை அடையாளம் காணவும் கூடுதல் நாப்கின் வழங்கவும் ஒரே பதிவேடு போதும்.

தங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. இப்பொருள் பற்றிய கட்டுரையோ மருத்துவர் பதிலோ வெளியிடும்போது, அது எந்த வயதினருக்கு, பூப்பெய்தி எத்தனை ஆண்டு ஆனவர்களுக்குப் பொருந்தும் என்பதை முதல் பத்தியிலேயே அச்சிட ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.