காயத்தை அழுத்திப் பிடித்திருந்தவருக்கு

பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள். இன்று மாலை விபத்தில் தொடை கிழிந்து கிடந்தவரைச் சுற்றிக் கூட்டம் நின்றபோது, யாரும் கூப்பிடாமலே மண்டியிட்டு உட்கார்ந்தவர் நீங்கள்தான்.

துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுதும் இறங்கும்படி இரு உள்ளங்கைகளாலும் அழுத்தினீர்கள். துணி நனைந்தபோது அதை எடுக்கவில்லை. மேலேயே இன்னொன்றை வைத்தீர்கள். பலர் தவறுவது இங்கேதான். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து மறுபடி பீறிடும். 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துவது கேட்க எளிது. செய்பவருக்குக் கை நடுங்கும்.

தண்ணீர் கொடுக்க வந்தவர்களைத் தடுத்தீர்கள் (எந்த விபத்திலும் முதலில் வருவது தண்ணீர்தான்!). அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். போர்வை கேட்டு வாங்கிப் போர்த்தினீர்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. ஆம்புலன்ஸ் ஊழியர் கை வைத்த பிறகே உங்கள் கையை எடுத்தீர்கள். அடிபட்டவர் பிழைத்திருக்கிறார். மிக்க நன்றி.

இது உங்கள் கண்ணில் பட்டால் ஒன்று: உங்கள் கையில் வெட்டோ கீறலோ இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தால், சோப்பு போட்டுக் கழுவிவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.