யாளியின் இடது காது

உப்புவெளி,
திருகோணமலை.
கார்த்திகை 16.

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல். இங்கே மாரி தொடங்கிவிட்டது. நேற்றிரவு பெய்த மழையில் பின்வளவுக் கிணறு கட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. கடிதம் எழுதிக் கன காலம். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் எழுதிய கை இப்போது ஒரு வரியை நேராகக் கொண்டுபோக மாட்டேன் என்கிறது. போனிலே சொல்லலாம் என்றுதான் மூன்று ஞாயிறு பார்த்தேன். உன் முகத்தைக் கண்டவுடன் மழையையும் மீன் விலையையும் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

மருமகன் சுகமா? போன ஞாயிறும் அதற்கு முதல் ஞாயிறும் அவரைக் காணவில்லை. வேலை என்றாய். சரி, வேலையாக இருக்கும். உனக்குப் பின்னால் இருந்த சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. முந்தி மஞ்சள், கலியாணப் படமும் மாட்டியிருந்தது. பெயின்ற் அடித்தீர்களோ? நான் சும்மா கேட்கிறேன். உன்னுடைய கடவுச்சீட்டும் பேரனுடைய கடவுச்சீட்டும் உன் கையிலேயே இருக்கட்டும். காலுக்குச் சொக்ஸ் போடு, உனக்குச் சின்ன வயதிலேயே காலில்தான் குளிர் பிடிக்கும்.

எழுத வந்த விஷயம் வேறு. நவராத்திரிக்கு, கச்சேரியில் என்னோடு வேலை செய்த ஒருவர் தன் தங்கை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓர்ஸ் ஹில்லில் வீடு. கடைசி நாள் பூசை. சுண்டல் நல்லாயிருந்தது, ஆனால் உன் அம்மாவின் கை இல்லை. சரஸ்வதி படத்துக்குக் கீழே கும்பம், புத்தகங்கள், பக்கத்தில் ஒரு வீணை. தந்தி ஒன்றுகூட இல்லை. மெழுகு வெடித்து மெட்டுகள் நாலைந்து கழன்றுபோய்விட்டன. தண்டியின் முனையில் யாளி முகம். அதன் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி, எதையோ ஒட்டுக் கேட்கிற மாதிரி நின்றது.

அந்தக் காதை உடைத்தது யார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. அம்மப்பா பசை வைத்து ஒட்டிவிட்டு, "இனி இதுக்கு உன் பாட்டு நல்லாக் கேட்கும்" என்றார். தஞ்சாவூரிலிருந்து தலைமன்னார்க் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பொருள், ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை, உன்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை அந்த மனுஷன்.

கையில் சுண்டலோடு நின்றுகொண்டிருந்தேன். இருக்கச் சொன்னார்கள். இருக்க முடியவில்லை.

பிள்ளை, அதைக் கடல் கொண்டுபோகவில்லை. நான்தான் விற்றேன்.

2004 ஐப்பசியில், நவராத்திரி முடிந்த கையோடு. நீ பேராதனையில் முதலாம் வருஷம். அண்ணனை பிரான்சுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் கடைசித் தவணை கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன்னுடைய பழைய சேலை ஒன்றால் அதைச் சுற்றி, யாளியின் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பினாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள். நீ தைப்பொங்கலுக்கு வரும்போது ஆறுதலாகச் சொல்லலாம், அண்ணன் உழைத்து அனுப்பினால் மீட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதற்குள் மார்கழி 26, சுனாமி வந்துவிட்டது.

நீ கண்டி மாமி வீட்டில் நின்றாய். லைன் கிடைக்க இரண்டு நாள் ஆனது. முதலில் அம்மாவைக் கேட்டாய், பிறகு சித்தப்பா வீட்டாரை, பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, ஒவ்வொருவராக. எல்லாம் கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீணை?" என்றாய். யன்னல் உயரத்துக்குத் தண்ணீர் வந்த வீட்டில் நான் சேற்றுக் காலோடு நின்றேன். "எல்லாத்தையும் கடல் கொண்டுபோட்டுது பிள்ளை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ சொன்னது ஞாபகமிருக்கிறதா? "பரவாயில்லை அப்பா, ஆக்கள் தப்பினதே காணும்." நான் அழுதேன். வீணைக்காக அழுகிறேன் என்று நினைத்து நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்.

பிறகு கிராமசேவகர் இழப்புப் பட்டியல் எழுத வந்தார். தையல் மெஷின் ஒன்று, பிரிட்ஜ் ஒன்று, அலுமாரி இரண்டு. மாமி பக்கத்தில் நின்றபடியால் வீணை ஒன்று என்றும் சொன்னேன். அந்தக் கோப்பு பிறகு நான் வேலை செய்த கந்தோருக்கே வந்தது. நீ கடலோடு கோபித்துக்கொண்டு எத்தனையோ வருஷம் கடற்கரைப் பக்கம் போகவில்லை. லீவில் வந்தால் கடல் பக்க யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பாய். எத்தனை தரம் பார்த்துக்கொண்டு இருந்தேன் தெரியுமா? கடல் பாவம். அது செய்தது காணும், நான் செய்ததையும் அதன் தலையில் போட்டுவிட்டேன். இராவணன் தன் கை நரம்பை உருவி வீணைக்குத் தந்தி கட்டியவன் என்பார்கள். அவன் வெட்டினதென்று சொல்லும் கோணேசர் மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு நான் இதைச் செய்தேன்.

காசு இல்லாமல் விற்றேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. என்னுடைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அண்ணனின் புது கம்பியூட்டர் இருந்தது. அதை விற்றால் அவன் வீட்டை இரண்டாக்குவான். நீ கேட்க மாட்டாய். அதனால்தான் உன்னுடையதை எடுத்தேன். "என் மகள் ஒன்றும் கேளாது, ஒரு சட்டைகூட வேணுமென்று கேளாது" என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அண்ணனோடு இதற்காகச் சண்டை பிடிக்காதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போதும் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரி அப்பா" என்கிறாய். கனடாவிலே, ஸ்காபரோவில் தனியாக ஓடித் திரிந்து, வேலையும் பார்த்து, பிள்ளையையும் பார்த்து, எனக்கு மாதாமாதம் மருந்துக் காசும் அனுப்புகிறாய். எனக்குப் பெருமைதான். ஆனால் மூன்று கிழமை ஒரு மெசேஜுக்குப் பதில் போடாமல் இருக்க நீ எங்கே பழகினாய்? நீல அடையாளம் விழுகிறது, எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

அந்தத் தங்கச்சியிடம் அடுத்த நாளே போனேன். அவவின் மகள் இந்த வீணையில்தான் சாதாரண தரத்துக்குச் சங்கீதம் படித்து ஏ எடுத்ததாம். இப்போது கொழும்பில் தாதியாக வேலை. வீணை மெழுகு வெடித்துச் சும்மா கிடந்தாலும், சரஸ்வதி பூசைக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம். நான் என்ன சொல்வது என்று தடுமாற, அவவே உள்ளே போய் லாச்சியிலிருந்து ஒரு கடதாசியைக் கொண்டுவந்து தந்தா. என் கையெழுத்து. முத்திரை ஒட்டி, மேலே கையொப்பம் வைத்து, ஒழுங்காக எழுதியிருக்கிறேன்: "ஏகாண்ட வீணை ஒன்று. யாளியின் இடது காது பழுது." விற்கிறபோதும் கச்சேரிக் கிளாக்கர்தான்.

அறுபதாயிரம் கொண்டுபோயிருந்தேன். தான் கொடுத்த பதினெட்டாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் வேண்டாம் என்றுவிட்டா. "பிள்ளைக்குத்தானே போகுது" என்றா. ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கோட்டையடியில் மான் ஒன்று றோட்டுக்குக் குறுக்கே வந்து, ஓட்டோக்காரன் பிரேக் போட, குடத்தைக் கட்டிப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து உன் அறையில் கட்டிலில் வைத்திருக்கிறேன். அறை துப்பரவாக இருக்கிறது. பேரனுக்கும் இடம் காணும். உங்களுக்கு எப்போது வசதியோ, கோடை லீவுக்கென்று காத்திருக்கத் தேவையில்லை.

சரி, இனி முக்கியமான விஷயம். மட்டக்களப்பிலிருந்து ஒரு மாஸ்டரைப் பிடித்திருக்கிறேன். வருகிற ஞாயிறு வந்து தங்கி மேளம் கட்டித் தருவார். இருபத்துநாலு மெட்டையும் கழற்றி, தேன்மெழுகில் கரி கலந்து புதிதாக வைக்க வேண்டுமாம், இரண்டு நாள் வேலை. சுரைக்காயும் மாற்ற வேண்டும். ஏழு தந்தியும் புதிது வாங்க வேண்டும். எந்தத் தடிப்பில் வாங்குவது என்பது சுருதியைப் பொறுத்ததாம். "மகளுடைய சுருதி என்ன? நாலு கட்டையா, நாலரையா, ஐந்தா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை பிள்ளை. பத்து வருஷம் அடுத்த அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தவன், அவர் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்றேன். அம்மா இருந்தால் பாடியே காட்டியிருப்பாள்.

ஞாயிறு உங்கள் காலை ஏழு மணிக்கு இங்கே பின்னேரம் ஐந்தரை. மாஸ்டர் வீட்டில்தான் நிற்பார். நீயே எடுத்து அவரிடம் சொல்லு. கோபமென்றால் என்னோடு கதைக்க வேண்டாம், போனை அவரிடமே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு: கடவுச்சீட்டு விஷயம் மேலே எழுதியிருக்கிறேன். மறக்காதே.