ரேஷனுக்குக் கடலை எண்ணெய் வரட்டும், தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடையில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் பல வருடங்களாகக் கேட்டு வருகின்றன. நாங்களும் மணிலா, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற குடும்பம்தான். நல்ல விலை கிடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். இரண்டு எண்ணெயையும் சேர்த்தே கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காரணம் நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் பாமாயிலில் அது ஏறத்தாழ 45 சதவீதம். கடலை எண்ணெயில் 20 சதவீதம் அளவில்தான். தேங்காய் எண்ணெயிலோ 90 சதவீதம் வரை போகிறது! ரத்தத்தில் இருக்கிற எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல்தான் இழுத்துக் கழிக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் கல்லீரலின் இந்த வேலை மந்தமாகிவிடும். எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கி, ரத்தக் குழாயின் உட்சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். வலி இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அன்றுதான் வீட்டுக்காரருக்கே தெரியவரும்.

பொள்ளாச்சி, நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு என்மேல் கோபம் வரலாம். தாளிக்க ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை. மாதம் முழுக்க வடைக்கும் குழம்புக்கும் அதுவே வீட்டு எண்ணெய் ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. தென்னை விவசாயிக்கு உதவத்தான் வேண்டும். அதற்கு அரசு கொப்பரைக் கொள்முதலைக் கூட்டட்டும்.

மாதம் ஒரு லிட்டர் ரேஷன் பாமாயிலில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிதான் வரும், உண்மை. ஆனால் கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் அந்தப் பாக்கெட் தீர்ந்ததும் மளிகைக் கடையில் வாங்குவதும் பாமாயில்தான். ரேஷனில் கொடுப்பதால் அது நல்ல எண்ணெய் என்றே நம்புகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அருமையான திட்டம். அந்த மாத்திரையைப் போடுகிறவரின் அடுப்படிக்கு அதே அரசு எந்த எண்ணெயைக் கொடுக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டாமா?

பாமாயிலைப் போலவே 25 ரூபாய்க்குக் கடலை எண்ணெய் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவு என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் அரை லிட்டர் கடலை எண்ணெயும் அரை லிட்டர் தவிட்டெண்ணெயும் கொடுக்கலாம். தவிட்டெண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் பாதிதான். நெல் அரைக்கிற மாநிலத்தில் தவிட்டுக்கா பஞ்சம்? இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் எண்ணெய் வரக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். அறுவடை மாதங்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வருகிற மணிலாவை அரசே வாங்கி ஆட்டிக் கொடுக்கட்டும். அதுவரைக்கும், பாமாயில் பாக்கெட்டில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட உணவுத்துறை அமைச்சர் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.