பில்லோடு வரும் கார்பன் தாள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்த மாதம் முதல், சாலை போட நீங்கள் வாங்கும் தார்க்கலவையின் பில்லுடன் ஒரு கார்பன் தாளும், அதாவது கலவை தயாரிப்பில் வெளியான கார்பனின் கணக்கும், இணைத்து அனுப்புகிறோம். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய ஆண்டு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அதிலிருந்து பெரிய ஒப்பந்ததாரர்கள் சரக்கு தருபவர்களிடமும் கார்பன் கணக்குக் கேட்கிறார்கள். அவர்களிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்த உங்களிடமும் கேட்பார்கள்.

தாளில் உள்ள எண், ஒரு டன் கலவை பிளாண்ட் வாசலைத் தாண்டும்வரை வெளியான கார்பன் டை ஆக்சைடு, கிலோவில். சைட்டில் கலவையை விரிக்கும் பேவர், அழுத்தும் ரோலர் ஆகியவற்றின் டீசல் இதில் இல்லை.

பெரிய பங்கு, கல்லை உலர்த்திச் சூடாக்கும் டிரம்மின் பர்னருக்கு. ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் எரிந்தால் சுமார் 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆயிலை லிட்டரில் அளக்கிறோம், இந்தக் கணக்கோ கிலோவுக்கு. ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.95 கிலோ என்பதை மறந்தால் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டன்னுக்கு 7 லிட்டர் எரிந்தால் 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆயில் வாங்கிய பில்லை வைத்தும் போடக் கூடாது. மாதக் கடைசியில் இறக்கிய ஆயில் டாங்கிலேயே இருக்கும். காலை, மாலை டாங்கில் விட்டு மட்டம் பார்க்கும் டிப் குச்சி அளவில் எரிந்ததை எடுத்து, எடைமேடைச் சீட்டின் டன்னால் வகுக்கிறோம். பலர் விட்டுவிடுவது தார் டாங்கைச் சூடாக வைக்கும் தெர்மிக் ஹீட்டரை. பிளாண்ட் ஓடாத ராத்திரியிலும் அது எரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் எண் ஏறும், அதற்குக் காரணம் ஈரம். ஒரு டன் கல்லில் 1 சதவீத ஈரம் என்றால் 10 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க, வீணாகும் சூட்டையும் சேர்த்து, சுமார் 0.8 லிட்டர் ஆயில். ஈரம் 5 சதவீதமானால், கல்லைச் சூடாக்குவதைவிடத் தண்ணீரை விரட்டவே அதிகம் செலவாகும். 20 மி.மீ. ஜல்லி தண்ணீரை வடித்துவிடும். கல் உடைக்கும்போது வரும் க்ரஷர் தூள்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாக் குவியலுக்கும் கூரை வேண்டாம், தூளுக்குப் போட்டாலே போதும். ஒரு கிலோ ஈரத்தூளை வாணலியில் எடை குறையாதவரை வறுத்து நிறுத்தால் 930 கிராம் வருகிறது என்று வையுங்கள். குறைந்த 70-ஐ, காய்ந்த எடையான 930-ஆல் வகுக்க வேண்டும், 1,000-ஆல் அல்ல. ஈரம் 7.5 சதவீதம்.

தாளில் தாருக்கான எண் இருக்கும் வரியில்தான் சண்டை வருகிறது. தாரில் கார்பன் நிறைய இருந்தாலும் அதை யாரும் எரிப்பதில்லை, அது சாலையிலேயே கிடக்கிறது. ஆகவே எரிபொருள் போல 3-ஆல் பெருக்குவது தப்பு. சேர வேண்டியது கச்சா எண்ணெய் எடுப்பதற்கும், கொண்டு வருவதற்கும், சுத்திகரிப்பதற்கும் ஆன கார்பன். அதையும் ஐரோப்பியக் கணக்குகள் ஒரு டன் தாருக்கு 200 கிலோவை ஒட்டியும், அமெரிக்கக் கணக்கு 600-க்கு மேலும் வைக்கின்றன. எந்தக் கச்சா எண்ணெய் என்பதாலும், சுத்திகரிப்பு ஆலையின் மொத்தக் கார்பனை பெட்ரோல், டீசல், தார் என்று பங்கு போடும் விதத்தாலும் இந்த வித்தியாசம் வரலாம். கலவையில் தார் 5.2 சதவீதம் என்றால் தார் வரி மட்டும் 10 கிலோவாகவும் வரலாம், 31 ஆகவும் வரலாம். வேறு பிளாண்டின் தாளோடு ஒப்பிடும்போது முதலில் இந்த வரியைப் பாருங்கள். நாங்கள் எடுத்த எண் எது என்று தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறோம்.

சைட்டிலிருந்து போன் போட்டு "இன்னும் 10 டிகிரி ஏத்தி அனுப்புங்க" என்கிறார்கள். அதற்கு டன்னுக்கு 0.3 லிட்டர் கூடுதல் ஆயில், அது சிறிய விஷயம். ஆனால் வி.ஜி.-30 ரகத் தாரை 165 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் தார் முறுகிப்போய், சாலை சீக்கிரமே வெடிப்பு விடும். அதைவிட டிப்பருக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது மேல்.

காலையில் 40 டன், மதியம் 30 டன் என்று பிரித்துக் கேட்டால் டிரம் ஆறி, மறுபடி சூடேறி, முதல் கலவை கழிவாகப் போகும். ஒரே ஓட்டமாக எடுத்தால் எண்ணும் குறையும், உங்கள் பேவரும் நிற்காது.

சைட் வரை டிப்பர் ஓடும் டீசலைத் தனி வரியில் காட்டுகிறோம். 30 கிலோமீட்டர் தூரம் என்றால் வெறும் வண்டியாகத் திரும்பி வருவதையும் சேர்த்து 60. டிரிப் ஷீட்டில் சைட் பெயருக்குப் பதிலாகச் செயினேஜ், அதாவது சாலையில் எத்தனையாவது கிலோமீட்டர் என்று, எழுதிக் கொடுத்தால் இந்த வரி சரியாக வரும்.

இப்படிக்கு,
ஹாட் மிக்ஸ் பிளாண்ட் அலுவலகம்