கழிப்பறையில் சவர்க்காரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக் கழிப்பறைகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2023-இல் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அவற்றைச் சீரமைக்க முன்வந்தது நல்ல தொடக்கம். புது ஓடு பதித்தாயிற்று, சரி. அப்புறம் அன்றாடப் பராமரிப்பு? மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை மதியம் அப்படியே திரும்பக் கொண்டு வருகிறாள். "குடிச்சா ஒன்னுக்கு வரும் பாட்டி, அங்க தாழ்ப்பாளே இல்ல, சவர்க்காரமும் இல்ல" என்கிறாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரலாம்.

பல் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கே வருகிறார்கள். அப்போதே குழாய், தாழ்ப்பாள், சவர்க்காரம் மூன்றையும் பார்த்து எழுதி, அந்தத் தாளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொடுக்கலாமே.

வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு