அது அழுக்கு அல்ல, வாழைக்கறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்த துணிக்கலைக் கண்காட்சியைப் பற்றி ஓர் அன்பர் எழுதியிருந்தார். அழுக்குத் துணியையும் கிழிசலையும் ஆணியில் மாட்டிவிட்டுக் கலை என்கிறார்கள், எங்கள் வீட்டுக் கரித்துணிக்கும் சட்டம் போடலாம் போலிருக்கிறது என்று கேலி செய்திருந்தார். படித்ததும் சிரித்துவிட்டேன். பொய் சொல்வானேன், உள்ளே நுழைந்த முதல் ஐந்து நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் பட்டர்வொர்த்தில் 38 ஆண்டு தையல் கடை வைத்திருந்தவள். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் தூக்கமில்லாத வேலை. துணியில் ஒரு சொட்டுக் கறை விழுந்தால் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிழைப்பு. அப்படிப்பட்டவளை என் அக்காள் மகள் ஃபெர்ரி ஏற்றி, கறையையே கண்காட்சியாக வைத்திருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

அன்பர் "அழுக்கு" என்று எழுதியது, வாசலுக்கு நேரே தொங்கிய வெள்ளை மல் துணியைத்தான் என்று நினைக்கிறேன். பழுப்பாய்க் கோடுகள், நடுவில் திட்டுத் திட்டாய்ப் படர்ந்த கறை. கீழே சீட்டில் "மீடியா சம்புரான்" என்று மலாயில் இரண்டே சொல். கலப்பு ஊடகமாம். எதையும் எதையும் கலந்தார்கள்? அருகில் நின்ற, அதைச் செய்த பெண்ணிடமே கேட்டேன். "வாழைத்தண்டுச் சாறு, ஆன்ட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தத் துணியை விட்டு நகர எனக்கு மனமில்லை. வாழைக்கறை பட்ட சட்டையை என்ன செய்தாலும் வெளுக்காது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் சாறு வெட்டிய உடனே தண்ணீர்போல்தான் இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டுத்தான் பழுப்பு ஏறும். ஆகவே அந்தப் பெண் வரையும்போது தான் வரைந்ததையே பார்க்க முடியாது. ஒரு கோடு எங்கே முடிந்தது என்பதைக் கையின் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கோட்டைப் போடவேண்டும். மறுநாள்தான் படம் தெரியும். நான் சாக்குக் கட்டியால் கோடு போட்டே நேராக வெட்டத் தடுமாறிய நாள்கள் உண்டு. இது கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுகிற வேலை.

அடுத்து ஒரு சால்வை. துணி முழுக்கச் சின்னச் சின்னக் கொம்புகள், பலாப்பழத் தோல்போல. ஓரத்தில் தொங்கிய ஓர் இழையை அனுமதி கேட்டுப் பிய்த்து, வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டினேன். (கடைக்காரப் புத்தி போகாது.) பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வந்து சாம்பலாய் உதிரும், பட்டு என்றால் மயிர் பொசுங்கும் நாற்றம். இதுவோ உருகி, ஆறியதும் கடுகுபோல் கெட்டியாயிற்று. பாலியெஸ்டர். உள்ளே கோலிக்குண்டு வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு அவிழ்த்திருக்கிறார்கள். சூட்டில் இளகும் நூல், கட்டிய வடிவத்திலேயே ஆறி நின்றுவிடுகிறது. மதுரைச் சுங்குடிக்கும் இப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள். அங்கே முடிச்சு விட்டுப்போவது நிறமேறாத புள்ளியை. இங்கே விட்டுப்போவது உருவத்தை. பருத்தியில் இதைச் செய்தால் ஒரு தடவை நனைத்ததும் படிந்துவிடும். பாலியெஸ்டரைப் 'பிளாஸ்டிக் துணி' என்று இத்தனை ஆண்டு இளக்காரமாய்ப் பேசியவள் நான். அதன் பிளாஸ்டிக் குணமே ஒரு வேலைக்கு ஆகும் என்று தோன்றவில்லை.

கடைசி அறைக்குள் போகும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது. அமோனியா, அதன் அடியில் ரப்பர் பால்.

என் அம்மா கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் வேலைக்குப் போட்டுக்கொள்வார். மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது தெறிக்கிற பால், நாள்பட நாள்பட, சட்டையின் முன்பக்கத்தைத் தோலாக்கிவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பார், போகாது. கறுத்துப்போய், மடித்தால் மடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கொடியில் மற்றவர் துணிகளோடு காயப்போட எனக்கு வெட்கமாக இருக்கும். அந்தச் சட்டையின் நிறம்தான் அந்த அறையில் கூரையிலிருந்து தரைவரை தொங்கியது. காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணியைப் பாலில் தோய்த்துக் காயவைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து சன்னல் வெளிச்சம் பட்டு, தேன் நிறத்தில், உயிருள்ள தோல்போல. அன்பர் இந்த அறைக்கு வந்தாரா என்று தெரியவில்லை. அவர் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

திரும்பும்போது ஃபெர்ரியில் அக்காள் மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஈவா ஹெஸ், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சிற்பி. 1969லேயே வலைத்துணியில் ரப்பர் பாலைப் பூசி, கண்ணாடி இழையும் சேர்த்து, எட்டுத் தொங்கல் செய்திருக்கிறார். இப்போது கான்பெராவில், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைச் செய்த அடுத்த ஆண்டே, 34 வயதில், அவர் இறந்துவிட்டார். ரப்பர் பாலோ வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து முறுகிக்கொண்டே போகும் சரக்கு. அதை அவரும் அறிந்தே எடுத்திருக்கிறார். எங்கள் அம்மாவின் சட்டைக்கு அது தெரியாதா என்ன!

இது ஏதோ வெளிநாட்டுக் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்தேக் என்பது கட்டிக்கொள்ளும் துணி என்று இருந்த காலத்தில், 1950களில், மெழுகையும் சாயத்தையும் எடுத்து ஓவியம் தீட்டிய சுவா தியன் தெங் இந்தப் பினாங்கில்தான் வாழ்ந்தார். மெழுகு வெடித்துச் சாயம் உள்ளே கசிந்தால் சாரோங் விற்பவருக்கு அது பழுது, ஓவியருக்கு அதுவே வேண்டிய கோடாகவும் ஆகலாம். ஆன் சாமாட் என்ற நம் நாட்டுக் கலைஞர் தோட்டத்து வாருகோலையும் சமையலறைச் சாமான்களையும் நூலோடு சேர்த்து நெய்து வெளிநாடுகளில் காட்டிவருகிறார். நம் தாத்தாக்கள் உடுத்திய கட்டம்போட்ட பெலிக்காட் கைலிக்கு அந்தப் பெயரே பழவேற்காட்டிலிருந்து வந்தது. துணி கடல் தாண்டிப் புதுப் பெயரும் புதுக் குணமும் எடுப்பது நமக்குப் புதிதல்ல.

வீட்டுக்கு வந்து நானும் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு மீட்டர் மல் துணியை மஞ்சளில் தோய்த்தேன். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே, அதேபோல் சுண்ணாம்புத் தண்ணீரால் அதன்மேல் கோலம் போட்டேன். ஈரத்தில் குங்குமச் சிவப்பு, அவ்வளவு அழகு! காய்ந்ததும் சிவப்பு மங்கிப் பழுப்பாயிற்று. பெருமையோடு வெராண்டாவில் நான்கு நாள் வெயிலில் தொங்கவிட்டேன், மஞ்சளும் போயிற்று. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்று தெரிந்தும் ஆசை. சங்குப்பூ நீலமும் எனக்கு இப்படித்தான் கைவிரித்தது. பாக்கு மட்டும் ஏமாற்றவில்லை. ஊறவைத்த பாக்குத் தண்ணீரில் தோய்த்த துணி செம்பழுப்பாய் நின்றது, துருப்பிடித்த ஆணியைச் சுற்றிவைத்த இடத்தில் கரேல் என்று கறுத்தது. பினாங்கின் பெயரே பாக்கு மரத்திலிருந்து வந்தது, ஆகவே எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். ஒவ்வொரு துண்டிலும் ஓர் உள்ளங்கையளவு வெட்டி, பழைய அளவு நோட்டில் ஒட்டி, எந்தத் துணி, எத்தனை மணி நேரம், என்ன சேர்த்தேன் என்று பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வீணானவைதான் அதிகம்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இளம் கலைஞர்களிடம் என் குறையையும் சொல்கிறேன். அன்பருடைய கேலிக்குப் பாதிக் காரணம் அந்த "மீடியா சம்புரான்" சீட்டுதான். வாழைத்தண்டுச் சாறு, பருத்தி மல், ஒரு நாள் காத்திருப்பு என்று எழுதியிருந்தால் அவர் நின்று பார்த்திருப்பார். தமிழிலும் ஒரு வரி இருந்தால் என் போன்ற கிழவிகள் யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம். இன்னொன்று, இரும்புத் துருவில் சாயமேற்றிய துணிகள் நாலைந்து இருந்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் துரு பருத்தியை உள்ளேயிருந்து தின்னும். ஒன்றில் மடிப்பு ஓரம் இப்போதே விட்டுக்கொண்டிருந்தது. கிழியவேண்டும் என்று செய்திருந்தால் சரி. தெரியாமல் செய்திருந்தால், வேண்டிய நிறம் வந்ததும் நன்றாக அலசி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள் பிள்ளைகளே. துரு முழுசாகப் போகாது, ஆனால் கொஞ்ச காலம் தாங்கும். தையல் கடைகளில் மூட்டை மூட்டையாய் வெட்டுத்துணி குப்பைக்குப் போகிறது. கேட்டால் சும்மாவே தருவார்கள், என் காலத்தில் நான் தந்திருப்பேன்.

அன்பர் தம் வீட்டுக் கரித்துணிக்கு உண்மையிலேயே சட்டம் போடுவதாக இருந்தால், அதற்கு முன் ஓரத்தில் ஓர் இழை பிரித்துக் கொளுத்திப் பார்க்கட்டும். சாம்பலாய் உதிர்ந்தால் நல்லது. உருகிக் கெட்டியானால் சுவரிலேயே மாட்டிவைக்கட்டும், சூடான சட்டியைப் பிடிக்க அது ஆகாது.

ஒரு பழைய தையல்காரி,
பட்டர்வொர்த்