ஓடா, தகடா? வளவு வீடுகளின் கூரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களில் இன்று பங்காளிகள் கூடினால், கோயில் கணக்குக்கு அடுத்தபடியாகப் பேச்சில் வருவது வீட்டுக் கூரையின் ஒழுக்குதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாப்பட்டு, ராயவரம் என்று எந்த ஊரின் தெருவில் நடந்தாலும், செவ்வோடு வேய்ந்த பழைய வளவு வீடுகளுக்கு (நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நகரத்தார் வீடுகளுக்கு) நடுவே நீலமும் பச்சையுமாகக் கலர் ஷீட் என்னும் வண்ணத் தகடு போட்ட கூரைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதைக் காணலாம். ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் அஞ்சுகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால் ஓடா, தகடா என்ற முடிவு, சதுர அடிக்கு என்ன விலை என்ற ஒரே கேள்வியோடு எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியது, ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே. கட்டடப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலும், கூட்டு வீடொன்றில் பங்கு உள்ளவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

கூரை ஒழுகினால் ஓடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நன்றாகச் சுட்ட ஓடு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சுண்ணாம்புக் காரை வெடித்திருக்கும். குரங்கும் மயிலும் நடமாடி ஓடுகள் நகர்ந்திருக்கும். இடுக்கில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். இரண்டு சரிவுகள் கூடும் மூலையில் பதித்த தகடு துருவேறிப் பொத்தலாகியிருக்கும். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக் கூரையைப் பிரித்தபோது, இறக்கிய நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தவற்றை ஒரு பக்கமும் மந்தமாக ஒலித்தவற்றை மறுபக்கமும் அடுக்கினோம். கணீரென்றவையே மிகுதி. சிலவற்றின் மேல், ஈர மண்ணை வளைத்துத் தடவிய வேளாரின் விரல் தடம் வரிவரியாக இன்னும் இருந்தது.

கைமரங்களின், அதாவது ஓடுகளைத் தாங்கும் சாய்ந்த மரச் சட்டங்களின், கதை வேறு. நடுப்பகுதியில் ஆணி இறங்க மறுத்த அதே பர்மாத் தேக்கில், சுவருக்குள் பதிந்திருந்த முனையில் பேனாக்கத்தி தங்கு தடையின்றி இறங்கியது. ஒழுகும் நீர் கைமரத்தின் அடிவழியே ஓடிச் சுவரில் போய்த் தங்குவதால் முனைதான் முதலில் மக்கும். மக்கிய முனையை மட்டும் அறுத்துவிட்டுப் பழைய தேக்கையே இணைத்து நீட்டுவதும், சுவரில் அமரும் இடத்தில் காற்றுப் புகச் சிறிது இடைவெளி விடுவதும் தேர்ந்த தச்சர் செய்துவிடக்கூடிய வேலை. இதைப் பார்க்காமல், பழைய ஓடுகளை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேல் இரும்புக் குழாய் நிறுத்தித் தகடு போர்த்தும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஒழுக்கு அன்றே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே ஏறிய கரையானும் தொடங்கிய மக்கலும் கண்ணில் படாமலே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். ஒழுக்கு என்ற எச்சரிக்கையும் இல்லாமல் போனபின், உத்திரம் இறங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

எடையைப் பொறுத்தவரை, தகட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓட்டுக் கூரை, ஓடு அமரும் ரீப்பர் சட்டங்களோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ இருக்கும். நாட்டு ஓட்டை இரட்டையாக அடுக்கினால் 120 கிலோவை நெருங்கும். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடோ 4 கிலோதான். தளர்ந்த மரத்துக்கு இது பெரிய ஆறுதல். எனினும் காற்றடிக்கும்போது இதே கணக்கு திரும்பிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை மாவட்டத்தை உலுக்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, கூரையை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 50 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு மேல்நோக்கி இழுக்கக்கூடும். ஓட்டுக் கூரை அதைப் பெரும்பாலும் தன் எடையாலேயே தாங்கிக்கொள்கிறது; ஓரத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் கம்பியால் கட்டிவிட்டால் போதும். தகட்டுக் கூரை முழுக்க முழுக்கத் திருகாணியை நம்பி நிற்பது. அந்தத் திருகாணி கடிக்கும் சட்டம் சுவரோடு இறுகப் பிணைக்கப்படாவிட்டால், சட்டமும் தகடும் சேர்ந்தே பெயர்ந்து போகும்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 6 மீட்டர் நீளமுள்ள தகடு 40 டிகிரி சூடேறித் தணிந்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நம் ஊர் வெயிலில் இது அன்றாடம் நடப்பது. நாளடைவில் திருகாணித் துளை அகன்று, ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்து, எந்த ஒழுக்கை நிறுத்தத் தகடு போட்டோமோ அதே ஒழுக்கு வேறு இடத்தில் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை மேலேறித் திருகாணிகளைச் சோதிப்பவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்?

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது முற்றம். வளவின் கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்குகிறது. அங்கே கிடாரம் என்னும் பெரிய அண்டாவில் பிடித்தது போக மிச்ச நீர், கல்லுக்கு அடியில் ஓடும் வடிகால் வழியே தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போய்ச் சேரும்படி நம் முன்னோர் வீட்டையும் ஊரையும் ஒரே கணக்காக அமைத்தார்கள். ஓட்டின் சொரசொரப்பும் படிப்படியான அடுக்கும் மழைநீரின் வேகத்தைத் தணித்து இறக்குகின்றன. வழுவழுப்பான தகட்டில் அதே மழை சீறிக்கொண்டு வந்து, இறவாரத்தில் நீரை ஏந்தும் தகரப் பீலியைத் தாண்டித் தெறித்து, தேக்குத் தூண்களின் அடியை நனைக்கிறது. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் சரிவுகள் கூடும் இடத்தில் தகட்டைக் கோணலாக வெட்டித்தான் பொருத்த முடியும். பூச்சுப் போன அந்த வெட்டு விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். இன்னும் சில வீடுகளில் முற்றத்தையே மேலே தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். சூடான காற்று மேலெழுந்து போகும் வாய் அதோடு அடைபடுகிறது. கூரைத் தண்ணீர் வெளிப்பக்கம் திரும்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்குகிறது. ஊருணிக்குப் போக வேண்டியது போகாமலே நின்றுவிடுகிறது. வேறு எதை மாற்றினாலும், முற்றத்தை மட்டும் மூடாதீர்கள் என்று பங்காளிகள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். புறாவும் குரங்கும்தான் கவலை என்றால் கம்பி வலை போதும்.

தகடே கூடாது என்பது என் கருத்தன்று. பழைய ஓட்டுக் கூரையிலும் சரிவுகள் கூடும் மூலைவாய்களில் தகடு உண்டு. அதைப் புதிதாக மாற்றும்போது சற்றுக் கனமான, நல்ல தகடாகப் போடுவது ஓடுகளைவிட முக்கியம். பின்கட்டில் விறகுக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, கார் நிறுத்தும் இடம் போன்றவற்றுக்குத் தகடு பொருத்தமானது. ஓடு வேய முடியாத அளவு சரிவு குறைந்த தாழ்வாரங்களுக்கும் அதுவே சரி; சீமை ஓட்டுக்குக் குறைந்தது 25 டிகிரிச் சரிவாவது வேண்டும். அப்படிப் போடுவோர் நிறத்தைப் பார்த்து வாங்காமல், தகட்டின் கனத்தையும், துத்தநாகத்தோடு அலுமினியம் கலந்த பூச்சு எவ்வளவு என்பதையும் பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் எவரும் போக வேண்டாம். அதன் இழை புற்றுநோய் உண்டாக்குவது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்க வேண்டும்.

ஓட்டுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. நாட்டு ஓடு செய்வோர் அருகிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பிரித்து வேயும்போது உடைந்ததற்கு மட்டுமே புது ஓடு வேண்டும். தேர்ந்த பழைய ஓடுகளைத் தெருப்பக்கமும் முற்றத்துப் பக்கமும் போட்டு, புதியவற்றைக் கண்ணில் படாத பின்சரிவில் போடுவது வேலை தெரிந்தவர்களின் வழக்கம். சீமை ஓடானால், அளவும் கொக்கியும் ஆலைக்கு ஆலை சற்று மாறுபடும் என்பதால், பழைய ஓடொன்றைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும். (ஓட்டின் பின்புறம் 1865 என்று இருந்தால் அந்த ஓட்டுக்கே அவ்வளவு வயது என்று நம்மில் பலர் பெருமைப்படுகிறோம்; உண்மையில், மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஓட்டாலையைத் தொடங்கிய ஆண்டு அது. பிற்காலத்து ஓடுகளிலும் அதே ஆண்டைப் பொறித்தார்கள்.) முகட்டைச் சிமென்ட் கொண்டு பூசாமல் சுண்ணாம்புக் காரை கொண்டே பூசச் சொல்லுங்கள். சிமென்ட் ஓட்டோடு ஒட்டி இறுகிப் பின் விரிசல் விடும். அடுத்த முறை பிரிக்கும்போது நல்ல ஓட்டையும் சேர்த்து உடைத்துவிடும்.

நம் கண் முன்னே நடக்கும் இழப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வளவு வீடு இடிபடும்போது தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போகின்றன. ஓடு மட்டும் உடைபட்டுப் பள்ளம் நிரப்பப் போகிறது. அதே நாளில் அடுத்த ஊரில் ஒருவர் ஓடு கிடைக்காமல் தகட்டுக்கு முன்பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். நகரத்தார் ஊர்ச் சங்கங்கள் ஊருக்கொரு கொட்டகை ஒதுக்கி, இடிபடும் வீட்டு ஓடுகளைத் தட்டித் தேர்ந்து சேர்த்து வைத்தால், ஒழுக்கு மாற்றும் வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-இலேயே இயற்றப்பட்டது. பட்டியலும் சட்டமும் இருந்தும், கூரை மேல் ஏறி ஓடு பிரித்து வேயத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேராகச் சுருங்கிவிட்டார்கள், அவர்களும் முதியவர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓடு வேய்தலையும் கைமரம் பழுது பார்த்தலையும் குறுகிய காலப் பயிற்சியாகத் தொடங்கி, இந்த முதியவர்களையே ஊதியம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். மண் வேலைக்குப் பேர்போன மானாமதுரை சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மண்பாண்டத் தொழிலாளர்களிடம் நாட்டு ஓட்டுக்கு உறுதியான கொள்முதல் வாக்கு கொடுத்தால், சூளை மறுபடி எரியும் என்று நம்புகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்குதாரர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்வது அரிது என்பதை நான் அறிவேன். முழுக் கூரையையும் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு சரிவு என்று பிரித்து வேய்ந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) விழும் தொகை தாங்கக்கூடியதாக இருக்கும். மரத்தைப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் இப்போது எவரும் கூரையைப் பிரிக்க வேண்டாம். நான்கு மூலைவாய்களிலும் அடைந்த சருகை அள்ளி, நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்து, முளைத்த கன்றுகளை வேரோடு எடுத்து, ஒழுகும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் உட்புறத்தில் குறித்து வையுங்கள். தை பிறந்து வெயில் ஏறியதும், அந்தக் குறிகளுக்கு மேலே உள்ள கைமரங்களிலிருந்து ஆசாரியை வேலை தொடங்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.